பெயர் வல்லரசு, முகம் ராமதாஸ்

ஒன்பதாம் அத்தியாயம்

மாத்தூர் மாப்பிள்ளை வீட்டார் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது. மோகனப்ரியா முடியாது என்றாள். கோவிந்தம்மா இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. ராமதாஸ் மட்டும்தான் மகள் பக்கம் நின்றார்.

"எம் பொண்ணு கம்ப்யூட்டர்ல செஞ்ச பாஸத்தான் நான் கய்த்துல மாட்டிக்கினு வேலைக்குப் போறேன். அந்த வேலைய வுட்டுட்டு உங்க வூட்ல வந்து குந்தணுமா? வேற எடம் பாருங்க" என்று தரகரை வாசலோடு அனுப்பிவிட்டார்.

அது ஞாயிற்றுக்கிழமை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு அதே ராமதாஸை, அவர் வேலை பார்க்கும் சரக்கு டெர்மினலின் இரண்டாவது கேட்டில் காவலர்கள் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

முப்பது வருஷம் கடலுக்குப் போனவர் அவர். எண்ணூர் முகத்துவாரத்தில் மீன்பாடு குறைந்த பிறகு, ஐந்து வருஷமாக அந்தத் தனியார் சரக்கு டெர்மினலில் கயிற்றுப் படகில் வேலை. கப்பல் நெருங்கி வந்ததும் அதன் தடித்த கயிற்றை வாங்கிக்கொண்டு போய், கப்பல் அணையும் மேடையான ஜெட்டியில் கட்டுகிற சின்னப் படகு. உள்ளே நுழையப் படம் ஒட்டிய பாஸ் வேண்டும். அந்த பாஸை அச்சடிக்கிற புரோகிராமைச் செய்து கொடுத்தது ராயபுரத்தில் மோகனப்ரியா வேலை பார்க்கும் சிறிய கம்பெனி. குப்பத்தில் அதைச் சொல்லி அவர் பெருமைப்படாத நாள் கிடையாது.

செய்தி சொன்னவர் அவரோடு படகில் வேலை செய்யும் பக்ருதீன்.

"மோகனாம்மா, ஒங்க நைனாவ கேட்ல புடிச்சு வச்சிகினு கீறானுங்கமா. திருட்டு கேசாம். ஒரு படம் அனுப்பிக்கிறேன், பாரு. சீக்கிரம் வா."

படம் வந்தது. கேட் கண்ணாடியில் ஒட்டியிருந்த நோட்டீஸ். மேலே சிவப்பில், 'உள்ளே அனுமதிக்காதீர்'. கீழே, பெயர்: வல்லரசு. வயது: 27. காரணம்: செம்பு கேபிள் திருட்டு. நடுவில், எடுப்பாகத் தெரியும்படி, ராமதாஸின் முகம்.

அவளுக்குத் தெரிந்த ஒரே வல்லரசு தம்பியின் கூட்டாளி; அவன் துபாய்க்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பாஸுக்குப் படம் எடுக்கிறார்கள் என்று அன்றைக்கு முகச் சவரம் செய்துகொண்டு போயிருந்தார்.

இதற்குள் அது குப்பத்தில் எல்லார் போனிலும் இருந்தது.

* * *

இரண்டாவது கேட்டுக்கு ஒரு பர்லாங் முன்னாலேயே கன்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஆட்டோ அதற்கு மேல் நகரவில்லை. தாயும் மகளும் இறங்கி, லாரிகளின் புகைக்கு நடுவில் நடந்தார்கள். கோவிந்தம்மா வழியெல்லாம் மகன் தீபனுக்கு போன் போட்டுப் பார்த்தாள்.

"எடுக்க மாட்டேன்றான். பெத்த அப்பன புடிச்சு வச்சிகினு கீறானுங்க, இவன் எங்கதான் போய்த் தொலைஞ்சான்?"

"மணலி ஷெட்ல இருப்பான்மா. டேங்கர் சத்தத்துல கேட்டிருக்காது."

காவலர் அறையில் இரண்டு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. ராமதாஸைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். சட்டையில் மேல் பட்டன்கள் இரண்டும் போயிருந்தன. இடது கன்னம் காது வரைக்கும் சிவந்து தடித்திருந்தது. மகளைக் கண்டதும் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எவன் கை வச்சது?" கோவிந்தம்மா போட்ட சத்தத்தில் வெளியே லாரி டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "எவன்டா அது? வாடா முன்னாடி!"

காவலர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உள் அறையிலிருந்து பாதுகாப்பு அதிகாரி அபின் வந்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் வாக்கிடாக்கி.

"கத்தாதீங்கம்மா. இது ஆபீஸ்."

"இன்னா ஆபீஸு? கண்ணு கீதா ஒனக்கு, இல்ல வாடகைக்கு வுட்டுட்டியா? அதுல இன்னா வயசு போட்டுக் கீது? இருவத்தேழு! எம் புருசன பாரு. இருவத்தேழாட்டம் கீறாரா? எம் பொண்ணுக்கே இருவத்தெட்டு ஆவுது!"

அபின் அவளைப் பார்க்காமல் மோகனப்ரியாவிடம் பேசினார். "படத்தைத்தான் நாங்க பார்ப்போம். பேர், வயசு எல்லாம் யார் வேணும்னாலும் மாத்திச் சொல்லலாம். ரெண்டு பேர்ல ரெண்டு பாஸ் வெச்சிட்டு வர்றவங்க இருக்காங்க."

"ஆதார் கேட்டீங்களா சார்?"

"காட்டினார். அதுல ராமதாஸ்னு இருக்கு. அதனாலதான் சந்தேகமே."

மோகனப்ரியா ஓர் எட்டு முன்னால் வந்தாள். "அஞ்சு வருஷமா இதே கேட் வழியாத்தான் உள்ள போறாரு. இங்க நிக்கிற ஒருத்தருக்கும் இவரைத் தெரியாதா?"

தரையைப் பார்த்தபடி நின்ற ஒரு காவலர் மட்டும் மெதுவாக, "தெரியும்மா. நோட்டீஸ் வந்திடுச்சே, நாங்க இன்னா செய்றது?" என்றார்.

கடைசியில் பக்ருதீனும் படகுக்காரர்கள் நான்கு பேரும் வந்து, ஐந்து வருஷமாக அறிந்த ஆள் என்று கையெழுத்துப் போட்ட பிறகு விட்டார்கள். போகும் முன் அபின் ஒரு தாளை நீட்டினார். தன்னை யாரும் அடிக்கவில்லை என்று ராமதாஸ் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"போடாத நைனா."

"குடு. போட்டுட்டுப் போலாம்." ராமதாஸ் காலையிலிருந்து பேசிய முதல் வார்த்தை அதுதான். தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"அந்த நோட்டீஸை எடுங்க" என்றாள் மோகனப்ரியா.

"ஏழு கேட்லயும் ஒட்டியிருக்கு. சிஸ்டத்துல இருந்து திருத்தின நோட்டீஸ் வரணும். அது வராம நான் எதையும் கழட்ட முடியாது. இவரையும் உள்ள விட முடியாது."

அவள் கண்ணாடிக்கு அருகே போய் நோட்டீஸைப் பார்த்தாள். சுற்றிலும் இரட்டைக் கோடு. படத்துக்குக் கீழே விவரம். அடியில் சின்ன எழுத்தில் அச்சான நேரம்: திங்கள், காலை 10 மணி 4 நிமிடம் 17 நொடி. அப்பாவின் கழுத்தில் கிடந்த, நேற்று எல்லாருக்கும் புதுப்பித்துக் கொடுத்த பாஸைத் தூக்கிப் பார்த்தாள். அதன் அடியிலும் அதே நேரம். நொடிகூட மாறவில்லை.

என்ன நடந்தது என்று அந்த நொடியே அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

* * *

திரும்பும்போது மூவரும் ஒரே ஆட்டோவில் ஏறினார்கள். பாதி வழியில் ராமதாஸ் கேட்டார்.

"அந்த நோட்டீச யாரும்மா அடிச்சது?"

"எங்க கம்பெனி புரோகிராம்தான் நைனா. பாஸும் அதுலதான் வருது, நோட்டீஸும் அதுலதான் வருது."

"யாரு செஞ்ச புரோகிராமு?"

பொய் சொல்லலாம். ஆட்டோ சத்தத்தில் காதில் விழாத மாதிரி இருக்கலாம். அவள் சொன்னாள்.

"நான்தான்."

கோவிந்தம்மா திரும்பினாள். "நீயா? ஒங்கப்பன் மூஞ்சிய நீயா திருடன்னு போட்ட?"

"வேணும்னு இல்லம்மா. எல்லாரோட போட்டோவும் டேட்டாபேஸ்ல பத்திரமாத்தான் இருக்கு. பேப்பர் அடிக்கிறப்ப புரோகிராம் அந்தப் போட்டோவ எடுத்து ஒரு ஃபைல்ல போட்டு வெக்கும். அப்புறம் அங்கேர்ந்து தூக்கி பேப்பர்ல ஒட்டும். அந்த ஃபைலுக்கு ஒரே பேருதான். யாரு படமா இருந்தாலும் அதே ஃபைல்தான். ரெண்டு பேரு ஒரே நேரத்துல பட்டன் அழுத்துனா, மொத ஆளு படத்து மேல அடுத்த ஆளு படம் வந்து வுழுந்திடும். நோட்டீஸ்காரன் படத்த எடுக்கப் போறப்ப அங்க நைனா படம் இருந்திருக்கு."

கோவிந்தம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். முப்பது வருஷமாகக் காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிறவள் அவள்.

"ஏலத்துல பத்து பேருக்கு ஒரே கூடைய வச்சா எம் மீனும் ஒம் மீனும் கலக்கும்னு எனக்குத் தெரியுது. எய்தப் படிக்கத் தெரியாதவ நானு. நீ படிச்சவதானே? ஒனக்குத் தெரியல?"

தெரிந்திருந்தது. அதுதான் நெஞ்சை எரித்தது.

நான்கு மாதத்துக்கு முன், முதல் செயல்விளக்கத்துக்கு மூன்றே நாள் இருந்தபோது அவசரத்தில் எழுதியது அது. மறு வாரமே தவறு புரிந்து முதலாளி ஹென்றிக்கு எழுதிப் போட்டாள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அச்சடித்தால் படம் மாறிவிடும், திருத்த ஒரு நாள் கொடுங்கள் என்று. 'அப்புறம் பார்க்கலாம்' என்று ஒரு வரியில் பதில் வந்தது. அவளும் அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள்.

ராமதாஸ் தெருமுனையிலேயே ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினார். "ஞாயித்துக்கெயம தரகருகிட்ட நான் இன்னா சொன்னேன்னு ஞாபகம் கீதா?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல், சட்டையை ஒரு கையால் சேர்த்துப் பிடித்தபடி நடந்தார்.

தெருக்குழாயில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

* * *

ஹென்றியின் கம்பெனி ராயபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது. எந்நேரமும் வெண்ணெய் பிஸ்கட் வாசனை. மோகனப்ரியா படியேறிப் போனபோது ஹென்றி ஏற்கனவே ஒரு கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

"வா மோகனா. கேள்விப்பட்டேன். உங்க அப்பான்னு தெரிஞ்சதும் எனக்கு ரொம்பக் கஷ்டமாயிடுச்சு. உட்காரு, டீ சொல்றேன்."

"டீ வேணாம் சார். என்ன எழுதுறீங்க?"

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். டெர்மினல் நிர்வாகத்துக்கான விளக்கம். பாஸ் பிரிவின் ஆபரேட்டர் கிறிஸ்டினா தவறான படத்தை ஏற்றியதால் பிழை நேர்ந்தது. புரோகிராமில் குறை ஏதும் இல்லை.

மோகனப்ரியா இரண்டு தடவை படித்தாள். கிறிஸ்டினாவை அவளுக்குத் தெரியும். புரோகிராமைக் கற்றுக்கொடுக்கப் போனபோது மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்தவள்.

"அந்தப் பொண்ணு படத்தைத் தொடவே இல்ல சார். அவ பட்டன் அழுத்தினா, அவ்வளவுதான். தப்பு நம்மளோடது. நாலு மாசம் முன்னாடி உங்களுக்கு எழுதினேன்."

"எழுதின. யார் இல்லேன்னா? ஆனா இப்ப அதை வெளிய சொன்னா அவங்க நம்மள நாளைக்கே நிறுத்திடுவாங்க. உனக்கும் வேலை இருக்காது, இங்க இருக்கிற ஒன்பது பேருக்கும் இருக்காது. அந்தப் பொண்ணுக்கு வேற இடத்துல வாங்கிக் குடுக்கலாம். நான் பேசறேன்."

"எங்கப்பாவ அடிச்சிருக்காங்க சார்."

"அதான் வருத்தமா இருக்குன்னு சொல்றேனே."

"நீங்க 'அப்புறம் பார்க்கலாம்'னு எழுதினது இன்னும் என் மெயில்ல இருக்கு." அவள் குரல் ஏறியது. அடுத்த அறையில் கீபோர்டுச் சத்தம் நின்றது. "அந்த ஒரு வரிக்கு எங்கப்பா கன்னத்துல வாங்கினாரு. நான் எழுதின தப்புக்கும் சேர்த்துதான் வாங்கினாரு. இப்ப மூணாவதா ஒரு பொண்ணு தலையில வெச்சிட்டு நாம டீ குடிக்கலாம்னு சொல்றீங்களா?"

"மோகனா, உணர்ச்சிவசப்படாத."

"படுவேன்! எங்கப்பா மூஞ்சி ஏழு கேட்ல திருடன்னு தொங்குது. நீங்க ஒரு தடவையாச்சும் அதைக் கழட்டணும்னு சொன்னீங்களா? கடுதாசிதானே எழுதறீங்க?"

அவள் தன் மேசைக்குப் போய் நான்கே வரியில் டெர்மினல் நிர்வாகத்துக்கு எழுதினாள். பிழை எங்கள் புரோகிராமில் இருக்கிறது, எழுதியவள் நான், எனக்கு நான்கு மாதமாகத் தெரியும், ஆபரேட்டர் மீது தவறில்லை. அடியில் பெயர் போட்டாள். ஹென்றிக்குத் தான் எழுதிய பழைய கடிதத்தையும், அவர் பதிலையும் கூட இணைத்தாள். அனுப்பிவிட்டாள்.

பிறகுதான் வேலையில் இறங்கினாள்.

படம் ஃபைலுக்கே போகக் கூடாது. டேட்டாபேஸிலிருந்து வெளியே வரும் படம், யார் கேட்டாரோ அவருடைய பேப்பருக்குள் நேராகப் போய் உட்கார வேண்டும். நடுவில் பொது இடம் எதுவும் இருக்கக் கூடாது. பழைய வரிகளை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். இரண்டு கம்ப்யூட்டரில் இரண்டு பேரை உட்கார வைத்து ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தச் சொன்னாள். ஐம்பது தடவை. ஐம்பது தடவையும் அவரவர் முகம் அவரவர் பேப்பரில் வந்தது.

கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

நாலு மாசமாக நேரமில்லை என்று தள்ளிப்போட்டது இந்த நாற்பது நிமிஷத்தைத்தானா! அவளுக்கு ஹென்றி மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

திங்கட்கிழமைப் பதிவைத் துழாவினாள். எல்லாரும் மொத்தமாக அச்சடித்த அந்த ஒரு மணி நேரத்தில் பதினொரு தடவை படம் மாறியிருந்தது. மற்றவை எல்லாம் பாஸ். யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பதினொன்றையும் குறித்துக்கொண்டு, முதல் வேலையாக வல்லரசு என்ற பெயரைத் தேடி, திருத்திய நோட்டீஸுக்கான பட்டனை அழுத்தினாள்.

ஆயிரத்து நானூறு பேரின் படங்களை அவள் இத்தனை நாளும் பார்த்ததில்லை. அவளைப் பொறுத்தவரை அவை வெறும் எண்களின் வரிசை. இப்போது ஒன்று திரையில் முகமாக விரிந்தது.

பெயர்: வல்லரசு. வயது: 27. செம்பு கேபிள் திருட்டு.

படத்தில் இருந்தவன் அவள் தம்பி தீபன்.

அவள் லேப்டாப்பை மூடினாள். ஹென்றி அறை வாசலுக்கு வந்து, "முடிஞ்சுதா? அஞ்சு மணிக்குள்ள புது நோட்டீஸ் வேணுமாம். அபின் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டார்" என்றார்.

"இன்னும் இல்ல. வீட்டிலேர்ந்து அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

* * *

தீபன் வீட்டில்தான் இருந்தான். அப்பாவின் கன்னத்தில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒத்திக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்தான்.

"எவன்க்கா அடிச்சது? பேரு சொல்லு. அவன் கைய முறிச்சிட்டு வரேன்."

"காலையில ஏன் போன் எடுக்கல?"

"ஷெட்ல வேல."

"எந்த ஷெட்ல?"

அவன் பதில் சொல்லும் முன் அவள் லேப்டாப்பைத் தரையில் வைத்துத் திறந்து, வல்லரசு என்ற பெயரைச் சத்தமாகப் படித்தாள். கோவிந்தம்மா குனிந்து பார்த்தாள். ராமதாஸ் பார்த்தார். தீபன் மட்டும் பார்க்கவில்லை.

"இது இன்னாடா?" கோவிந்தம்மாவின் குரல் உடைந்தது. "வல்லரசு துபாய் போயி ஒரு வருசம் ஆவுது. ஒம் மூஞ்சிய வச்சிகினு அவன் பேரு ஏன் கீது?"

"அவன் பேர்லதான் வேலைக்குப் போனேன்."

"எங்க?"

"டெர்மினல்லதான். நாலாவது கேட்டு. கேபிள் யார்டு. நைனா ஜெட்டிப் பக்கம் போறாரு, நான் அந்தக் கோடி. ரெண்டு வேற ஷிப்டு."

"ஏன்டா?" என்றாள் மோகனப்ரியா. "உனக்குப் பேரு இல்லையா?"

"இல்லக்கா. எம் பேருக்கு அங்க வேல இல்ல." தீபன் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "போன வருசம் நம்ம குப்பத்து நிதிஷு கயிறு அறுந்து செத்தப்ப கேட் முன்னாடி மறியல் பண்ணிக் குந்தினோமே, அன்னிக்கு மொத ஆளா நின்னவன் நானு. அப்பலேர்ந்து எந்த கான்ட்ராக்டரும் தீபன்னு சொன்னா சேக்க மாட்டேன்றான். வல்லரசுதான் அவன் ஆதாரக் குடுத்துட்டுப் போனான். பேரு அவனுது, மூஞ்சி என்னுது. எவனும் கேக்கல."

"அதுக்குத் திருடுவியா?"

"நான் திருடல!" அவன் கத்தியதில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. "போன புதங்கெயம ரெண்டு டிரம் கேபிள லாரில ஏத்தச் சொன்னாரு அபின் சாரு. சரக்கு வெளிய போறதுக்கு கேட் சீட்டு எங்க சார்னு கேட்டேன். அவ்ளோதான். ஞாயித்துக்கெயம கூப்ட்டு பாஸப் புடுங்கிகினு, கேபிளு காணோம், நீதான் எடுத்தேன்னு வெளிய தள்ளிட்டானுங்க. போலீஸுக்குப் போலாமா? போனா மொத கேள்வியே ஒம் பேரு இன்னான்னுதான் வரும். அதான் வாயப் பொத்திகினு வந்தேன்."

மோகனப்ரியாவின் போன் அடித்தது. ஹென்றி. அடித்து ஓய்ந்தது.

ராமதாஸ் ஐஸ் துணியைக் கீழே வைத்தார்.

"மோகனா. அந்தப் புது நோட்டீச அனுப்பாத."

"நைனா?"

"எம் மூஞ்சியே அங்க கெடக்கட்டும். எனக்கு இன்னா, இன்னும் நாலு வருசமோ அஞ்சு வருசமோ. வலை பின்னிக்கினு கெடப்பேன். அவன் சின்னப் புள்ள. அவன் மூஞ்சி ஏழு கேட்டுல தொங்குனா இந்தக் கரையில எங்கயும் ஒருத்தனும் சேக்க மாட்டான்."

"முடியாது."

"சொன்னா கேளு."

"முடியாது நைனா!" காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "நேத்து வரைக்கும் அது தப்பு. என் தப்பு. இப்ப தெரிஞ்சே வுட்டேன்னா அது பொய். உன் மூஞ்சிய நானே அங்க ஒட்டின மாதிரி. நாளைக்கு எனக்குக் கல்யாணம்னு எவனாவது வந்தா, அப்பா திருடனாமேன்னு கேப்பான். அப்ப நான் இன்னா சொல்லட்டும்? ஆமான்னு சொல்லட்டுமா?"

"அப்ப எம் புள்ளய ஒட்டுவியா?" கோவிந்தம்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "புருசனும் புள்ளயும்னு ரெண்டு பேரு மூஞ்சியும் ஒங்கிட்டதான் மாட்டிக்கினு கீது. ஒன்ன எதுக்குடி படிக்க வச்சேன்?"

மோகனப்ரியா லேப்டாப் பக்கம் திரும்பினாள். திரையில் தீபன் முகமும் அதன் கீழே 'கேட்டுகளுக்கு அனுப்பு' என்ற பச்சைப் பட்டனும் இருந்தன. மணி ஐந்தாகப் பத்து நிமிஷம்.

தீபன் மண்டியிட்டான். யாரும் தடுக்கும் முன் கையை நீட்டிப் பட்டனை அழுத்தினான்.

"டேய்!"

"போவட்டும். எம் மூஞ்சிதானே? எனக்கு பதிலா நைனா அடி வாங்க வேணாம்." அவன் எழுந்து சட்டையை மாட்டினான். "நானே அங்க போயி நிக்கிறேன். எம் பேரு தீபன், இன்னா திருடினேன்னு சொல்லுங்கடான்னு கேக்கறேன். வாயப் பொத்திகினு இருந்ததுனாலதான் இவ்ளோ ஆச்சு."

ராமதாஸும் எழுந்தார். பட்டன் இல்லாத அந்தச் சட்டையை அவர் மாற்றவில்லை.

"தனியாப் போவாத. நானும் வரேன். எம் படத்தக் கிழிக்கிறப்ப நான் எதிர்ல நின்னு பாக்கணும்."

அப்பாவும் மகனும் தெருவில் இறங்கிப் போனார்கள். பக்ருதீனின் ஆட்டோக்காரத் தோஸ்து ஒருவர் அவர்களை ஏற்றிக்கொண்டார். கோவிந்தம்மா வாசலிலேயே நின்றாள்.

மோகனப்ரியா லேப்டாப் முன் உட்கார்ந்திருந்தாள். இப்போது அனுப்பிய நோட்டீஸ் திரையிலேயே இருந்தது. கீழே அபினின் கையெழுத்து. அதுவும் படம்தான். டேட்டாபேஸில் எங்கோ இருந்து வந்து அங்கே ஒட்டிக்கொண்ட படம். தீபன் சொன்னது நிஜமா? நோட்டீஸ் கேட்டு எழுதியது யார்? பதிவைத் திறந்து பார்த்தாள்.

எழுதியவர்: அபின். திருட்டு நடந்த நாள்: சனிக்கிழமை இரவு. அச்சான நாள்: திங்கள்.

பதிவு தொடங்கப்பட்ட நாள் மூன்றாவது வரியில் இருந்தது. அந்த வரியைப் புரோகிராம் தானாகவே எழுதிக்கொள்ளும். வெளியிலிருந்து யாரும் மாற்ற முடியாது. அப்படித்தான் அவள் செய்திருந்தாள்.

வியாழக்கிழமை, மாலை 6 மணி 20 நிமிடம். காரணம்: செம்பு கேபிள் திருட்டு.

கேபிள் காணாமல் போவதற்கு இரண்டு நாள் முன்பே திருடன் பெயர் எழுதப்பட்டுவிட்டது.

தீபன் கேட் சீட்டு எங்கே என்று கேட்டதற்கு மறுநாள் அது. அப்பா அந்த ஆள் இல்லை என்று அபினுக்குக் காலையிலேயே தெரிந்திருக்கும்.

அவள் அந்தப் பக்கத்தை அப்படியே நகலெடுத்துத் தனக்கு அனுப்பிக்கொண்டாள். உடனே தீபனுக்கு போன் போட்டாள். கேட்டில் வாயைத் திறக்காதே, அபின் எதிரில் ஒரு வார்த்தை பேசாதே, நான் வருகிற வரைக்கும் வெளியிலேயே நில் என்று சொல்ல வேண்டும்.

மணி வீட்டுக்குள்ளேயே அடித்தது. அவன் போன் ஐஸ் துணிக்குப் பக்கத்தில், தரையில் கிடந்தது.

"இன்னாடி ஆச்சு?" என்றாள் கோவிந்தம்மா வாசலிலிருந்து.

"அம்மா, பக்ருதீன் மாமாவக் கூப்புடு. குப்பத்துல யாரு யாரு இருக்காங்களோ எல்லாரையும் கூப்புடு." மோகனப்ரியா லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். "நைனாவும் தம்பியும் திருடன் கையிலேயே போய் மாட்டப் போறாங்க."